எழுத்தர் வேலை, வீரர் பதவி

கேள்வி: முதல் உலகப்போரில் கடற்படை அலுவலகங்களில் வேலை பார்த்த பெண்களைப் படையினராகக் கருதினார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அமெரிக்காவில் கருதினார்கள். கடற்படைச் சேமப்படையில் ஆண்கள்தான் சேரலாம் என்று 1916-ம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். 1917 மார்ச்சில் லொரெட்டா வால்ஷ் முதலில் சேர்ந்தார். போர் முடிவதற்குள் 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்துவிட்டார்கள். தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கு எனக் கடற்படையின் நிர்வாகத்தைச் சுமந்தார்கள். அதே பதவியிலிருந்த ஆணுக்கு என்ன சம்பளமோ அதுதான் இவர்களுக்கும். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1920-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆனால், போர் ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1925-ல் சட்டத்தையே திருத்தி, சேமப்படை ஆண்களுக்கு மட்டும் என்றாக்கினார்கள். 1942-ல், அடுத்த போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் கதவை மறுபடி திறந்தார்கள். இது பச்சை நன்றிகெட்டதனம்.