தான விழிகளும் நுண்ணுயிர்த் தூய்மையும்

கருவிழி தன் ஒளி ஊடுருவும் தன்மையை இழந்துவிட்டால், கண்ணின் பிற பகுதிகள் நலமாக இருந்தும் பார்வை கிட்டுவதில்லை. 2015-19ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய ஆய்வின்படி, 50 வயதுக்குட்பட்டோரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் கருவிழிப் பாதிப்பே ஆகும். உழைக்கும் வயதில் நேரும் இவ்விழப்பு குடும்பத்தின் வருவாயையும் குலைக்கிறது.

இதற்குரிய மாற்று அறுவை மருத்துவத்தில் முதல் வெற்றியை 1905இல் எடுவர்ட் சிர்ம் கண்டார். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் தோன்றியது. தானமாகக் கிடைக்கும் விழிகளோ தேவையினும் மிகக் குறைவு. ஆகவே, கிடைத்த விழி மாசுபடாமல் காப்பது மருத்துவக் கடமை மட்டுமன்று. பொருளாதாரச் சிக்கனமும் ஆகும்.

மாசு எவ்வாறு நேர்கிறது?

உயிருள்ளபோது இமைத்தலும் கண்ணீரும் நுண்ணுயிர்களை அகற்றி வருகின்றன. இறந்தபின் இக்காப்பு நின்றுவிடுகிறது. இமைத்தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை பெருகுகின்றன. மருத்துவமனையில் நெடுநாள் இருந்து இறந்தோரின் விழிகளில் மருந்துகளுக்கு அடங்காத நுண்ணுயிர்களும் இருக்கலாம்.

எனவே விழியை எடுக்குமுன் போவிடோன் அயோடின் கரைசலால் தூய்மை செய்கின்றனர். பின்னர் உயிரெதிரி மருந்து கலந்த ஊடகத்தில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கின்றனர். 1974இல் அறிமுகமான மெக்கேரி-காஃப்மன் ஊடகத்தில் கருவிழியை நான்கு நாட்கள் வரை பாதுகாக்கலாம். ஆயினும் குளிரில் நுண்ணுயிர்கள் வளர்ச்சி ஒடுங்கிக் கிடப்பதால், மருந்து அவற்றை முற்றாக அழிப்பதில்லை. இவ்வூடகத்தில் வழக்கமாகப் பூஞ்சைக்கெதிரான மருந்தும் சேர்க்கப்படுவதில்லை.

ஆய்வின் பயன்

அறுவையின்போது எஞ்சும் விளிம்புத் திசுவை நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். அதில் மாசு தென்பட்ட நோயாளிகளுள் பெரும்பாலோருக்குத் தொற்று வருவதில்லை. ஆனால் பூஞ்சை தென்பட்டால் அபாயம் மிகுதி. உட்கண் அழற்சி அரிதே எனினும், வந்தால் பார்வை மட்டுமின்றிக் கண்ணே பறிபோகலாம்.

சோதனை முடிவு வருவதற்குள் அறுவை முடிந்துவிடுகிறது. ஆகவே முடிவு உடனே மருத்துவரைச் சென்றடைய வேண்டும். ஒரே கொடையாளரின் மற்றொரு விழி வேறு மருத்துவமனையில் பொருத்தப்பட்டிருக்கக்கூடும். அங்கும் தகவல் சேர வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; ஒழுங்கான பதிவேடே போதும்.

மாவட்ட அளவில் செய்யத்தக்கவை

சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பதியிலும், தென்மேற்குக் கோடியிலுள்ள குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இடையே பரந்து கிடப்பவை சிற்றூர்கள். கோடையின் கடும் வெப்பத்தில் இறப்புக்குப்பின் ஆறு மணி நேரத்திற்குள் விழியை எடுத்து, குளிர்நிலை மாறாமல் கொண்டு செல்லவேண்டும். ஊர்தியும் பனிக்கட்டிப் பெட்டியும் பயிற்சி பெற்ற பணியாளரும் இதற்கு இன்றியமையாதவை. குடும்பத்தார் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் பேருதவியாகும்.

கண் வங்கிகளின் பணியைப் பெற்ற விழிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடுதல் போதாது. பாதுகாப்பாகப் பொருத்தப்பட்டவை எத்தனை, மாசினால் விலக்கப்பட்டவை எத்தனை என்பதையும் அதிகாரிகள் கேட்டறிதல் வேண்டும். துயரின் நடுவே குடும்பம் மனமுவந்து அளித்த கொடை, நம் கவனக்குறைவால் வீணாகலாகாது.