இளங் கழுதையின் நாட்பட்ட மூட்டு நொண்டல்

கற்பிட்டிக் குடாநாட்டின் வீதியோரங்களிலும் தென்னந் தோட்டங்களிலும் கழுதைகள் திரிவதைக் காணாதார் இலர். இவை அராபிய வணிகரால் இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டவை என்பது வழக்கு. முற்காலத்தில் உப்புப் பொதி சுமந்த இவ்விலங்கு, லொறிகள் பெருகிய பின்னர் கேட்பாரற்று மேயத் தலைப்பட்டது. எனினும், மணற் பாதையிற் பசளையும் வெண்காயமும் ஏற்றுவதற்கு நன்கு பழகிய கழுதை ஒன்று சிறு கமக்காரருக்கு இன்றும் உதவக் கூடியதே.

அவ்வாறு வளர்க்கப்படும் குட்டிகளுட் சில, ஓராண்டு ஈராண்டு வயதில் நொண்டத் தொடங்கும். சில நாட்களில் தேறாவிடின் ‘இனி இது உதவாது’ என்று தெருவில் விட்டுவிடுவாரும் உளர். நொண்டும் விலங்கு வாகனத்துக்கு விரைந்து விலகமாட்டாது. மேய்ச்சலுக்கு நெடுந்தூரம் நடக்கவும் மாட்டாது. குப்பைமேட்டிற் பொலித்தீனைத் தின்று மாளும். இங்ஙனம் கைவிடப்படும் குட்டிகளுட் பல, முறையாகப் பேணப்பட்டால் மீண்டும் வேலைக்கு வரத்தக்கவை. குதிரைக் குட்டிக்கும் இங்குக் கூறுபவை பெரும்பாலும் பொருந்தும்.

நொண்டலை அறிதல்

கழுதை தன் நோவை எளிதிற் காட்டாது. குதிரை துடிக்கும் இடத்தில் கழுதை வாளாநிற்கும். வழக்கத்திலும் அதிகமாகப் படுத்திருத்தல், ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றுதல், தீனியிற் பின்வாங்குதல் ஆகியவையே முதற் குறிகள். கற்பிட்டியின் மென்மணல் மூட்டு நோவை மறைத்துவிடும். ஆகையால் விலங்கைக் கடினமான சமதரையிலோ தார் வீதியிலோ நடத்திப் பார்த்தல் வேண்டும். முன்னங்காலில் நோவு இருப்பின், நோவுள்ள கால் தரையில் ஊன்றும்போது தலை மேலெழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்பு இரு கால்களின் மூட்டுக்களையும் புறங்கையால் தொட்டு வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சில வாரமே ஆன குட்டியின் மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருப்பின், அது தொப்புள் வழியாகப் புகுந்த கிருமியின் விளைவாக இருக்கலாம். இதற்கு நாட்கணக்கிற் காத்திருத்தல் ஆகாது. அன்றே மிருக வைத்தியரிடம் காட்டாவிடின் மூட்டு நிலையாகக் கெட்டுவிடும். பிறந்தவுடன் தொப்புளில் அயடீன் தடவுவதும், முதல் ஆறு மணி நேரத்துள் சீம்பால் குடிக்கச் செய்வதும் இந்நோயைத் தடுக்க உதவும்.

குளம்பு

நெடுந்தீவிற் கட்டின்றித் திரியும் குதிரைகள் சுண்ணக்கற் பாங்கான தரையில் நடப்பவை. அத்தகைய தரை குளம்பைத் தானே தேய்த்துவிடும். கற்பிட்டியிலோ தரை மணல். கட்டிவைத்து வளர்க்கும் கழுதையின் குளம்பு இங்குத் தேயாது முன்னோக்கி நீளும். குளம்பின் நுனி நீண்டால் குதி தாழும். கணுமூட்டும் அதற்குக் கீழுள்ள மூட்டும் ஒவ்வோர் அடிக்கும் பின்னோக்கி இழுபடும். வளரும் எலும்புக்கு இது பெருங் கேடு. மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளம்பைப் பாராதிருத்தல், ஓலையை வேயாமல் தரையை மெழுகுவது போலாகும்.

குளம்பை ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒரு முறை சீவி அரத்தால் ராவுதல் வேண்டும். மிக நீண்டுவிட்ட குளம்பை ஒரே நாளில் வெட்டிவிடலாகாது. சில வார இடைவெளியிற் சிறிது சிறிதாகக் குறைத்தால் மூட்டு புதிய நிலைக்குப் பழகும். முதன்முறை இதனை மிருக வைத்தியர் முன்னிலையிற் செய்தல் நன்று. விலங்கு நிற்கும் இடம் உலர்ந்த களிமண் தரையாக இருத்தல் வேண்டும். முன்னங்கால் இரண்டையும் கயிற்றாற் பிணைத்து மேயவிடும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். அக்கயிறு கணுமூட்டை அறுத்துப் புண்ணாக்கும்.

தவிடு

நெற்செய்கையாளர் இப்பகுதியைக் கவனமாகப் படித்தல் வேண்டும். நொண்டும் குட்டியைத் தேற்றும் பொருட்டுத் தவிட்டை அள்ளிக் கொடுப்பது பலர் செய்வது. மாட்டுக்கு நல்ல தீனியாகிய அரிசித் தவிடு, குதிரைக்கும் கழுதைக்கும் மிகுமானால் நொண்டலுக்கே காரணமாகும். தவிட்டிற் பொசுபரசு மிக அதிகம். கல்சியம் அதில் பத்திலொரு பங்கும் இராது. இரத்தத்திற் குறையும் கல்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதனால் எலும்பு மென்மையாகி, இன்று ஒரு கால், நாளை மறு கால் என நொண்டல் மாறி மாறி வரும். முற்றிய நிலையில் முகவெலும்பும் வீங்கும்.

ஆகவே முதலில் தவிட்டை நிறுத்துக. வைக்கோலும் உலர்ந்த புல்லும் கழுதைக்கு அடிப்படைத் தீனியாகப் போதும். கடற்கரையிற் கிடைக்கும் சிப்பி, மட்டி ஓடுகளை நன்கு கழுவி உலர்த்தி, சுடாமல் மாவாக இடித்துத் தீனியிற் கலந்தால் கல்சியம் கிடைக்கும். அதன் அளவை மிருக வைத்தியர் விலங்கின் எடைக்கேற்பக் கூறுவார். சுட்ட சுண்ணாம்பைக் கொடுக்கலாகாது. அது வாயையும் குடலையும் வேகவைக்கும். தீனி திருந்திய சில வாரங்களில் நொண்டல் குறையத் தொடங்கும். ஆனால் எலும்பு பழைய வலுவைப் பெற ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் செல்லும். நொண்டல் நின்றது என்று அதற்குள் பொதி ஏற்றினால் எல்லாம் வீண்.

வேலியிலுள்ள இப்பில்-இப்பில் இலை ஆட்டுக்கு நல்லதாயினும், குதிரைக்கும் கழுதைக்கும் பிடரி மயிரை உதிர்த்துக் குளம்பையும் கெடுக்கும். கிளிறிசிடியா இலையும் இவற்றுக்கு ஆகாது.

ஓய்வும் நடையும்

மூட்டிற் சூடு உள்ளவரை ஓய்வே மருந்து. புண் இல்லாத காலைக் களப்பு நீரில் முழங்காலளவு கால் மணி நேரம் நிறுத்தலாம். பின்பு நன்னீரால் கழுவ வேண்டும். ஓய்வுக் காலத்தில் அதன் துணைக் கழுதையைப் பிரித்தல் தவறு. துணையை இழந்த கழுதை தீனியை மறுக்கும்; சில நாள் உண்ணாதிருப்பின் இரத்தத்திற் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். நொண்டலிலிருந்து காப்பாற்றிய விலங்கைப் பட்டினியால் இழப்பது இவ்வாறே.

சூடு தணிந்த பின், நீர்வற்றிய வேளையில் இறுகிய ஈர மணலின் மேல் கையிற் பிடித்து நடத்துக. நாளுக்கு இரு முறை ஐந்து நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டலாம். மறுநாட் காலை கால் விறைத்திருப்பின் முந்திய வாரத்து அளவுக்குத் திரும்ப வேண்டும். ஆழ்ந்த மணலும் ஓட்டமும் விலக்கத்தக்கன.

மூட்டின் மேற் சூடு போடுவதால் மூட்டு திருந்தாது. புண்ணும் ஏற்புவலியுமே மிஞ்சும். மனிதருக்கான நோவு மாத்திரையையும் கொடுக்கலாகாது. குதிரைக்குப் பயன்படும் சில நோவு மருந்துகளைக் கழுதையின் உடல் விரைவில் வெளியேற்றிவிடுவதால், குதிரைக்குரிய அளவும் வேளையும் இதற்குப் பொருந்தா. அளவை மிருக வைத்தியரே தீர்மானிப்பார்.

இளங் கழுதைக்கு நான்கு வயது நிரம்பும்வரை முதுகிற் பொதி ஏற்றலாகாது. தேறிய விலங்குக்கு முதலில் வெறும் சேணம் மட்டும் கட்டி ஒரு மாதம் பழக்குக. பின்பு சிறு பொதியாக, இருபுறமும் எடை ஒத்திருக்கக் கட்டி, வீட்டிலிருந்து தோட்டம் வரை மட்டும் நடத்துதல் வேண்டும்.