தனி வாயில்

செருமனி நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுக்கராய் என்னும் மதில் சூழ்ந்த குடியிருப்பு ஒன்று உண்டு. பெருவணிகர் யாக்கோபு ஃபுக்கர் அதனை நகரத்து ஏழைகட்காக 1521ஆம் ஆண்டில் அறக்கட்டளையாக்கினார். ஓராண்டு வாடகை ஒரு ரைன் பொற்காசு, இன்றும் அதுவே. இன்றைய கணக்கில் அஃது ஒரு யூரோவிற்கும் குறைவு. நாள்தோறும் மூன்று இறைவேண்டல்களைச் சொல்லுதல் அங்குள்ளோர் கடமை. கத்தோலிக்கர் அல்லாத ஏழைக்கு இடமின்மை ஒரு குறையே.

இங்கு வாழ்வோருள் முதியோர் பலர். கீழ்த்தளத்தார்க்கும் மேல்தளத்தார்க்கும் தெருவை நோக்கிய வாயில்கள் தனித்தனியே உள்ளன. ஆதலின் முதுமையிலும் பிறர் வீட்டில் ஒண்டியிராது, தம் கதவைத் தாமே பூட்டித் திறந்து வாழ்கின்றனர். 1944இல் குண்டுவீச்சால் பெரிதும் அழிந்த வீடுகள் பழைய முறைப்படியே மீண்டும் எழுந்தன. வாயில்மணிகளின் கைப்பிடிகளோ வெவ்வேறு வடிவின. விளக்கில்லாத பண்டைய இரவுகளில் அவற்றைக் கையால் தடவியே தத்தம் வீட்டை அறிந்தனர் என்பர்.