வீட்டு மீட்டர், கடை மீட்டர்

கரண்டுக்கு எல்லோருக்கும் ஒரே ரேட் இல்லை. இது எங்கள் அம்மா வீட்டு முன் ரூமில் பெட்டிக்கடை வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைக்கு பிரிட்ஜ் வாங்கி, வீட்டிலிருந்தே ஒயர் இழுத்து மாட்டினோம். ரீடிங் எடுக்க வந்த அண்ணன் பார்த்துவிட்டு, “அக்கா, இதுக்குத் தனி மீட்டர் வாங்குங்க. செக்கிங்ல மாட்டினா ரெண்டு மடங்கு கட்டணும்” என்றார். அம்மா பயந்துட்டாங்க. நான் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது.

நம் தமிழ்நாட்டில், எதற்கு உபயோகிக்கிறோமோ அதற்குத் தகுந்த ரேட்:

1. வீடு (1ஏ): இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்.
2. தறி: 2023 முதல் கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசம். இதுவும் இரண்டு மாதத்துக்குத்தான்.
3. பொருள் தயாரிக்கும் குறுந்தொழில் (3ஏ1): கடையை விட ரேட் குறைவு.
4. கடை (5): இலவச யூனிட் கிடையாது. எத்தனை கிலோவாட் வாங்கினோமோ அதற்கு நிலைக்கட்டணமும் உண்டு. அதனால் தேவைக்கு மேல் கிலோவாட் கேட்கக் கூடாது.

வீட்டு இணைப்பில் கடை நடத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுப்படி கடை ரேட்டைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள்.

இப்போது எங்கள் கடைக்குத் தனி மீட்டர் இருக்கிறது. முதல் பில்லைப் பார்த்ததும் அம்மா குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிட்டாங்க! வாராவாரம் ரீடிங்கைக் காலண்டரில் குறிப்பது என் வேலை.

உங்கள் வீட்டிலும் கடையோ தொழிலோ இருந்தால், இன்றே கரண்ட் அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி