வகுப்புக்கு ஓர் இணையதளம்: யாருக்காக?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் அக்கா மகன் வகுப்புக்கென்று ஒரு இணையதளம் செய்து தருவதாகச் சொல்கிறான். அறிவிப்புகளைப் போடலாம் என்கிறார் தலைமையாசிரியர். வினாத்தாளும் பாடக்குறிப்பும் போடச் சொல்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கோ, பிள்ளைகள் எழுதுவதையும் வரைவதையும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசை. எல்லாவற்றையும் போடலாமா?
– ஓர் ஆசிரியை, கூடுவாஞ்சேரி

பதில்: அன்புள்ள டீச்சர், எல்லாவற்றையும் போட வேண்டாம். அந்தப் பக்கத்தை யார், எந்த நேரத்தில், யாருடைய போனில் திறப்பார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். மறைமலை நகர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் உங்கள் ஊரில் நிறைய. அப்பாவோடு போகும் போன் அவரோடுதான் வீடு திரும்பும். பிள்ளையின் கையில் அது அரைமணி நேரம் இருந்தால் அதிகம். அந்த அரைமணிக்கு உங்கள் தளம் மட்டுமே தரக்கூடியது எது?

பாடநூல்கள் பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பாட விளக்கத்துக்கு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் 2023-இல் வந்த மணற்கேணி செயலியும் இருக்கின்றன. வினாத்தாளுக்குப் பாடசாலை, கல்விச்செய்தி போன்ற தளங்கள் உண்டு. மழை விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்தால் அடுத்த நிமிடமே அது வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அதைத் தேடி யாரும் உங்கள் தளத்துக்கு வர மாட்டார்கள்.

வேறெங்கும் கிடைக்காத விஷயம் ஒன்றுதான்: இன்று உங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்பது. காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டை வாங்கி, புரிகிறதோ இல்லையோ, அப்படியே எழுதிக்கொள்கிறது. ஆகவே இது வராத பிள்ளைக்கான தளமாக இருக்கட்டும். தேதி, நடத்திய பாடம், கரும்பலகையின் படம், வீட்டுப்பாடம், பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று இரண்டு வரி. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீரை விட்டுச் சிவக்க வைத்தீர்களா? அதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிவிட்டால், வராத பிள்ளை வீட்டிலேயே செய்து பார்த்துவிடும். இரவு வேலை முடிந்து வரும் அம்மாவுக்கும் பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும்.

உங்கள் ஆசையையும் விட்டுவிட வேண்டாம். அது இரண்டாம் கட்டம். 1920-களில் பிரான்சில் செலஸ்தீன் ஃபிரெனே என்ற கிராமத்து ஆசிரியர் வகுப்பறைக்கே ஒரு சிறு அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, தொலைவில் இருந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதிலும் வந்தது. அது பிழைத்ததற்குக் காரணம், படிக்கப்போவது யார் என்று எழுதிய பிள்ளைக்குத் தெரிந்திருந்ததுதான். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஒரு பள்ளியைப் பிடியுங்கள். அவர்கள் கடலைப் பற்றி எழுதட்டும். உங்கள் பிள்ளைகள் நந்திவரம் ஏரியைப் பற்றி எழுதட்டும். நாலு பேர் பார்ப்பதைவிட, பதில் எழுதும் ஒரு வகுப்பு மேல்.

பிள்ளைகளின் முகம், முழுப்பெயர், மதிப்பெண் எதுவும் தளத்தில் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். படைப்பைப் போடும்போதும் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தலைமையாசிரியரின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேண்டாம், யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அப்போதுதான் எந்த போனிலும் எழுத்து சரியாகத் தெரியும். படங்களைச் சுருக்கிப் போடுங்கள். இலவசத் தளங்கள் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள்: ஆசிரியர்கள் ஏராளமாகப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018-இல் வகுப்புத் தளங்களை மூடிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

தினமும் பத்து நிமிடத்துக்கு மேல் இந்த வேலை இழுத்தால் வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிட மட்டும் வேண்டாம். அக்கா மகனிடம் தளத்தைச் செய்யச் சொல்வதற்கு முன், உங்கள் போனிலிருந்தே பதிவேற்றுவது எப்படி என்று கற்றுத் தரச் சொல்லுங்கள்.