வடகிழக்குப் பருவமழையில் காரைக் கழுவுதல்: சென்னைக் கரையோர வாகன உரிமையாளர்களுக்குப் பருவகால ஆலோசனை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சென்னையிலும் அதனை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும் கார் வைத்திருப்போர், வண்டி கழுவும் வேலையை மழை ஓயும் வரை தள்ளிப்போடுதல் கூடாது. இடி மின்னல் இல்லாத தூறல் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறையேனும் வண்டியை, குறிப்பாக அதன் அடிப்பகுதியை, கழுவிவிடுதல் வேண்டும். நகரின் ஆண்டு மழையாகிய ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுவதால், எப்படியும் நனையப்போகும் வண்டியை எதற்காகக் கழுவ வேண்டும் என்ற எண்ணம் பலரிடமும் காணப்படுகிறது. அந்த எண்ணமே இப்பருவத்தில் வண்டிகளுக்குச் சேதம் நேரக் காரணமாகிறது.

சாலையில் ஓடும் வண்டியின்மேல் படிவது வெறும் மண்ணன்று. டீசல் புகைக்கரி, தேய்ந்த டயர்களின் ரப்பர்த் துகள், வண்டிகளிலிருந்து ஒழுகிய எண்ணெய், கட்டுமானத் தூசி ஆகியவை ஒன்றுசேர்ந்து, பிசுபிசுப்பான மெல்லிய படலமாக வண்ணப்பூச்சின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. நீரின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ள முயலும் விசையைப் பரப்பு இழுவிசை என்பர். தனி நீரில் இவ்விசை அதிகமாதலால், மழைத்துளி எண்ணெய்ப் பசையுள்ள படலத்திற்குள் ஊடுருவாமல் அதன்மேல் வழிந்தோடி, மேலாக நிற்கும் தூசியை மட்டும் இடம்பெயர்த்துக் கீழ் விளிம்புகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஷாம்பு செய்வது இந்த இழுவிசையைக் குறைத்து, எண்ணெயை நுண்துளிகளாகப் பிரித்து நீரோடு கலக்கச் செய்வதேயாகும். மழைக்கு அந்த ஆற்றல் இல்லை.

மேற்பூச்சின் அழகைவிடக் கவலைக்குரியது உப்பு. இப்பருவத்தில் காற்று வங்காள விரிகுடாவின் மேலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. அலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் அக்காற்றில் ஏறி, திருவொற்றியூர் முதல் திருவான்மியூர் வரையிலும், அதற்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உள்ள வீடுகளின் சன்னல் கம்பிகளிலும் வண்டிகளிலும் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு எனப்படும் சமையல் உப்பு, தானே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும் இயல்புடையது. பருவமழை நாள்களில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் இந்த அளவுக்கு மேலேயே நிற்பதால், மழை நின்று பானட்டும் கூரையும் உலர்ந்து தோன்றும் வேளையிலும், மட்கார்டின் உள்மடிப்பிலும் கதவின் கீழ் விளிம்பிலும் சஸ்பென்ஷன் பாகங்களின் இடுக்குகளிலும் உப்புக் கரைசல் உலராமல் இருந்துகொண்டேயிருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை, அதாவது உலோகத்தின் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு மின்னூட்டம் நகர்வதால் நிகழ்வது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தும் நீர்ப்படலம் தேவை. தூய மழைநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும், உப்புநீரோ நன்றாகக் கடத்தும். இக்காலக் கார்களின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு இடப்படுவது உண்மையே எனினும், அப்பூச்சு துருவைத் தாமதப்படுத்துமேயன்றி என்றைக்கும் தடுத்துவிடாது. கல்தெறித்து உரிந்த இடங்களிலும் வெல்டிங் செய்த இணைப்புகளிலும் அது விரைவில் தோற்றுவிடும்.

இதனோடு சேறும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு, ஈரத்தையும் உப்பையும் உலோகத்தோடு அணைத்து வைத்திருக்கிறது. கதவுகளின் அடிவிளிம்பிலும் வாசற்படிப் பெட்டி எனத்தகும் பக்கவாட்டுச் சட்டங்களிலும் உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்கெனச் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். சேறு அவற்றை அடைத்துவிட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே குமிழாகத் துரு தெரியும் நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும். ஆகவே இப்பருவத்தில் கழுவுதல் மேலிருந்து தொடங்கினாலும், நேரத்தில் பெரும்பகுதி கீழேயே செலவிடப்பட வேண்டும்: ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுமையாகத் திருப்பி, நான்கு மட்கார்டுகளுக்குள்ளும் ஹோஸ் பைப்பால் நீரைச் செலுத்தி, வழியும் நீர் தெளிவாகும் வரை அலசுதல் வேண்டும், வடிதுளைகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் திறந்துவிடுதல் வேண்டும். இதற்காக ஜாக்கியில் தூக்கிய வண்டியின் அடியில் நுழைவது எந்நிலையிலும் கூடாது. அடிப்பகுதியை முழுமையாகக் கழுவ விரும்புவோர், மாதம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் லிஃப்ட்டில் ஏற்றிக் கழுவச் செய்யலாம்.

மழைவேளை கழுவுவதற்கு உகந்தது என்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. வறண்ட தூசியைத் துணியால் தேய்ப்பதே வண்ணப்பூச்சுக்கு நேரும் முதற்பெரும் கேடு. வண்ணத்தின்மேல் பளபளப்புக்காக இடப்படும் நிறமற்ற மேற்பூச்சு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிப்பே உடையது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. மணலிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவையில் 7 ஆக அமைந்து கண்ணாடியையே கீறவல்லது. கால் மணி நேரத் தூறல் இந்தத் துகள்களை நன்றாக ஊறவைத்து இளக்கிவிடுகிறது. மேலும் வெயிலில் ஷாம்பு நுரை அலசுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகப் படிவதுபோல் மேகமூட்டத்தில் நேர்வதில்லை. எனினும் மழை தொடங்கிய உடனே இறங்கிவிடாமல், காற்றிலுள்ள தூசியை முதல் மழை இறக்கி முடிக்கும் வரை காத்திருப்பது நல்லது. கனமழையிலோ நுரை தன் வேலையைச் செய்யுமுன்பே அடித்துச் செல்லப்படுவதால் அப்போது கழுவுவது வீண். தூறலிலும் நுரை நீர்த்துப்போகும் என்பதால், வண்டி முழுவதும் ஒரே தடவையில் ஷாம்பு பூசாமல், கூரை, பானட், ஒரு பக்கக் கதவுகள் என்று பகுதி பகுதியாக முடித்துச் செல்லுதல் வேண்டும். ஷாம்பு நீருக்கு ஒரு பக்கெட், அழுக்குத் துணியை அலசுவதற்கு மற்றொரு பக்கெட் என இரண்டு வைத்துக்கொண்டால், துணியில் ஏறிய மணல் மீண்டும் பூச்சுக்குத் திரும்பாது. சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும்.

கடைசி அலசலுக்கு மழைநீரே சிறந்தது. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினநீர், அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது உச்ச அளவு 600. கடினநீர் கண்ணாடியிலும் பூச்சிலும் உலரும்போது விட்டுச்செல்லும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. மழைநீரில் இவ்வுப்புகள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடித்து வைக்கும் வீட்டார் அதனையே பயன்படுத்தலாம். மழைநீர் அமிலம் என்று அஞ்சுவோர் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் மாசற்ற மழைநீரும் ஏறத்தாழ 5.6 என்ற பி.எச். அளவில் இலேசான அமிலத்தன்மை உடையதாகவே இருக்கும், அது பூச்சைத் தீண்டாது. காய்ந்த பறவை எச்சமும் மரப்பிசினும் பூச்சில் ஆழமான கறையை உண்டாக்கக்கூடியவை. அவற்றை ஊறவைத்து அன்றே அகற்றுதல் வேண்டும்.

துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மை உடையதாகையால் மெழுகுப் பூச்சை அகற்றிவிடும். அதனைத் தவிர்த்து, காருக்கென விற்கப்படும் நடுநிலை ஷாம்புவை அளவோடு பயன்படுத்துதல் வேண்டும். மெழுகை ஈரமான வண்டியில் பூச இயலாது. பருவமழைக்கு முன், செப்டம்பரில் பூசத் தவறியவர்கள், இரண்டு மழைகளுக்கிடையே வண்டி நன்றாக உலரும் ஒரு நாளை அதற்கெனப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முன்கண்ணாடியின் கீழ், வைப்பர்கள் அமைந்துள்ள பள்ளத்தில் புங்கன், தூங்குமூஞ்சி முதலான சாலையோர மரங்களின் இலையும் பூவும் சேர்ந்து வடிகாலை அடைத்துக்கொள்கின்றன. அவ்வாறு தேங்கும் நீர் ஏ.சி. காற்றுவழியாக உள்ளே இறங்கித் தரைவிரிப்பை நனைக்கும். கழுவும் ஒவ்வொரு முறையும் பானட்டைத் திறந்து அவ்விடத்தைக் கையால் சுத்தம் செய்தல் வேண்டும். கழுவி முடித்ததும் வண்டியைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சிலமுறை மிதித்து, டிஸ்க்கின் ஈரத்தைப் போக்கிய பின்னரே நிறுத்த வேண்டும். இல்லையேல் ஓரிரவிலேயே மெல்லிய துரு படிந்து, சில வேளைகளில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

கழுவுவோரின் பாதுகாப்பு வண்டியினும் பெரிது. இடி கேட்டால் வேலையை நிறுத்தி வீட்டுக்குள் செல்லுதல் வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் பிரஷர் வாஷரை மழையில் பயன்படுத்தவே கூடாது. கழிவுநீர் கலந்த தெருவெள்ளத்தில் ஓடிவந்த வண்டியைக் கழுவுவோர் கையுறையும் மூடிய காலணியும் அணிதல் வேண்டும். எலிகளின் சிறுநீர் கலந்த நீரின் வழியே, தோலிலுள்ள சிறு கீறல் ஊடாகவும் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றக்கூடும். எஞ்சின் வரை மூழ்கிய வண்டி கழுவலுக்குரியதன்று: சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்திற்குச் சுருங்காததால், ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். அதனைத் தொடாமல் இழுத்துச் செல்லச் செய்வதே முறை.

கழுவிய நீர் செல்லும் இடமும் கழுவுவோரின் பொறுப்பே. தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்கும் சோப்பும் எண்ணெயும் எவ்விதச் சுத்திகரிப்புமின்றிக் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடலை அடைகின்றன. வீட்டு வளாகத்து மீள்நிரப்புக் கிணற்றில் இறங்கினாலோ அவை அக்கம்பக்கத்தார் குடிக்கும் நிலத்தடி நீரில் கலக்கின்றன. வண்டியை அக்கிணற்றிலிருந்து விலக்கி, புல்லோ வெறும் மண்ணோ உள்ள இடத்தில் நிறுத்திக் கழுவுமாறும், அத்தகைய இடம் இல்லாதோர் ஷாம்புவைத் தவிர்த்து வெறும் நீரால் சேற்றையும் உப்பையும் அலசுவதோடு நிறுத்திக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.