"இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்
(ட்ரோன் மருந்தடிப்பும் மேற்பார்வை பைலட்டும் – குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம்)



இந்த மாதப் பாடம் ஆகாயத்தில் இருந்து வயலுக்கு மருந்து அடிக்கிற வேலையைப் பற்றியது. "ஆகாயத்துல பறக்கிறதுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் வந்துவிட்டது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் பயிற்சி தரப்படும் என்று பிரதமர் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025-26 வரை என்று காலமும் குறித்தது.

ட்ரோன் ஓட்டும் பெண்களின் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப பறக்கலாம்", "இப்ப வேண்டாம்" என்று முடிவு சொல்லும் ஒருவர் இருக்க வேண்டும். அவர்தான் மேற்பார்வை பைலட். அந்த வேலை என்ன, அது இல்லாவிட்டால் என்ன நடக்கும், நம்ம கூட்டமைப்பில் அதை எப்படி உருவாக்கலாம் என்று பார்ப்போம்.

இந்த வேலை எப்படி வந்தது?

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி, கட்டால்பா மரங்களைத் தின்ற புழுக்களின் மேல் விமானத்தில் இருந்து மருந்துப் பொடி தூவினார். விமானம் ராணுவத்தினுடையது. எங்கே, எதற்காகத் தூவ வேண்டும் என்று பார்த்தவர்கள் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார். ஆக, ஆரம்பத்திலேயே பறப்பவர் ஒருவர், பயிரைப் பார்ப்பவர் வேறொருவர்.

பிறகு பல நாட்டு அரசுகள் இதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டன. நம்ம நாட்டில் 2020-ல் ராஜஸ்தான் பக்கம் பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்தபோது, மத்திய அரசு ட்ரோன்களையும் ஹெலிகாப்டரையும் இறக்கியது.

அமெரிக்க வேளாண் துறை மேய்ச்சல் நிலங்களில் வெட்டுக்கிளியை அடக்குகிற திட்டத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒப்பந்தம் எடுத்த தனியார் விமானிதான் பறப்பார். அரசு சார்பில் மேற்பார்வை செய்பவர்கள் தனி. விமானம் தகுதியாக இருக்கிறதா, நாசில் சரியான அளவில் மருந்தை விடுகிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 10 மைலுக்கு மேல், அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்கு மேல் போனால் திரவ மருந்து அடிக்கக் கூடாது. மழை வரும் போல இருந்தாலும், பனிமூட்டம் இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஆறு, குளம் இருந்தால் 500 அடி தள்ளித்தான் அடிக்க வேண்டும்.

ஒப்பந்த விமானிக்குப் பறந்தால்தான் காசு. அதனால் நிறுத்தும் அதிகாரத்தை, பறந்தாலும் பறக்காவிட்டாலும் சம்பளம் வாங்குகிறவரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

காசர்கோட்டில் நடந்தது

நிறுத்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலத்தையே பார்ப்போம். கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் மாநில அரசு நிறுவனமான கேரளத் தோட்டக் கழகத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் முந்திரித் தோட்டம் உண்டு. 1970-களின் கடைசியில் இருந்து 2000 வரை அங்கே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் மருந்து தெளித்தார்கள்.

அது மேடும் பள்ளமுமான ஊர். தோட்டத்துக்குள்ளேயும் அடிவாரத்திலும் வீடுகள், கிணறுகள், ஓடைகள். மேலே இருந்து விழுந்த மருந்துக்குத் தோட்ட எல்லை தெரியுமா? குடிக்கிற தண்ணீரிலும் மாட்டுத் தீவனத்திலும் விழுந்தது. ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்த குழந்தைகள், தீராத தோல் நோய்கள் என்று கிராமம் கிராமமாகத் துயரம் வெளியே வந்தது.

அதை எதிர்த்து 1998-ல் நீதிமன்றம் போனவர் ஒரு பெண். பெயர் லீலாகுமாரி அம்மா. கேரள வேளாண் துறையிலேயே வேலை பார்த்தவர். நீதிமன்றம் தடை போட்டது. 2000-க்குப் பிறகு அங்கே ஹெலிகாப்டர் தெளிப்பு நடக்கவில்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுவதும் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017-ல் உத்தரவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் பறந்த ஹெலிகாப்டரை, கீழே வீட்டில் குடியிருந்தவர் வழக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பறக்கிற இடத்திலேயே "போதும், நிறுத்து" என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் இருந்திருக்க வேண்டாமா?

"ட்ரோன் சின்னதுதானே?"

பல கூட்டங்களில் இந்தக் கேள்வி வருகிறது. ட்ரோன் சின்னதுதான், தாழ்வாகத்தான் பறக்கும். உண்மை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைத்தெளிப்பானில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கலக்குகிறோம். ட்ரோனில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர்தான். மருந்தின் அளவு ஒன்றே என்றால், ட்ரோன் டேங்கில் இருப்பது கிட்டத்தட்ட 20 மடங்கு கெட்டியான கலவை. துளியும் சின்னது, காற்றில் எளிதாக மிதந்து போகும்.

பக்கத்து வயலில் நம்ம பெண்கள் களை எடுத்துக்கொண்டிருக்கலாம். வரப்பில் ஆடு மேயலாம். அடுத்த தோட்டத்தில் மல்பெரி இருக்கலாம். பூச்சி மருந்து பட்ட மல்பெரி இலையைப் போட்டால் பட்டுப்புழு அப்படியே செத்துப்போகும். ஒரு குடும்பத்தின் அந்தத் தடவை வருமானம் மொத்தமும் போச்சு.

திட்டத்தில் கொடுத்த ட்ரோன் பெட்டியில் காற்றின் வேகத்தை அளக்கிற கருவியும் ஒன்று. கருவி கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்து முடிவு சொல்கிற ஆளை நாமதான் வைக்க வேண்டும்.

கடன் கணக்கும் அவசரமும்

இந்தத் திட்டத்தில் மானியம் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். மொத்த விலை 10 லட்சம் என்றால் குழு தலையில் 2 லட்சம். அதற்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் கடன் வாங்கலாம், வட்டியில் 3 சதவீதம் சலுகை உண்டு என்றார்கள்.

உதாரணத்துக்கு ஏக்கருக்கு 400 ரூபாய் கூலி, ஒரு நாளைக்கு 10 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நாள் வரவு 4,000 ரூபாய். தவணை கட்டும் வாரம் வருது. காற்று அடிக்குது. விவசாயி, "அக்கா, வந்ததுதான் வந்தீங்க, அடிச்சிட்டுப் போங்க" என்கிறார். பைலட்டுக்கு ஏக்கர் கணக்கில் கூலி. அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவர் கூலியும் போகும், குழுத் தவணையும் இடிக்கும். இந்தப் பாரத்தை அவர் ஒருவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

இன்னொன்று பாருங்கள். இன்று நிறுத்தினால் 4,000 ரூபாய் தொலைந்து போகவில்லை. காற்று அடங்கிய பிறகு அதே வயலுக்கு அடிக்கப் போகிறோம். பக்கத்துத் தோட்டம் பாழானால் கொடுக்கிற நஷ்ட ஈடுதான் திரும்பி வராது. கெட்டுப்போன பேரும் சீக்கிரம் திரும்பாது.

நம்ம கூட்டமைப்பில் எப்படி வைக்கலாம்?

2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்று வாங்க 18 முதல் 65 வயது வரை இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அனுமதி பெற்ற மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். ட்ரோன் தீதி பயிற்சி 15 நாள். 5 நாள் ஓட்டும் பயிற்சி, 10 நாள் உரம், மருந்து தெளிக்கும் பயிற்சி.

இரண்டு மூன்று குழுக்களில் ட்ரோன் இருந்தால் கூட்டமைப்பு ஒரு மேற்பார்வை பைலட்டைத் தேர்ந்தெடுக்கலாம். சான்று உள்ளவராக, ஒரு போகமாவது ஓட்டிப் பழகியவராக இருக்கட்டும். மூன்று விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

முதலாவது, அவருக்கு நாள் கூலி. பறக்காத நாளுக்கும் அதே கூலி.

இரண்டாவது, அவர் "நிறுத்து" என்றால் தலைவி சொன்னாலும், நிலத்துக்காரர் சொன்னாலும் ட்ரோன் மேலே போகக் கூடாது.

மூன்றாவது, நிறுத்தியதற்கான காரணத்தை அன்றைக்கே பதிவேட்டில் எழுதி மாதக் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதிகாரம் கொடுத்தால் கணக்கும் கேட்கணும், இல்லீங்களா?

இதைப் படித்து, பைலட்டுக்குப் பொறுப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஓட்டுகிறவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அவருக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கண் சேர்கிறது.

பறக்கும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ஒரு நாள் முன்பே ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் தகவல் சொல்லியாச்சா?
2. மருந்து அந்தப் பயிருக்கு அனுமதிக்கப்பட்டதா? லேபிளைப் படித்த பிறகுதான் கலந்தோமா?
3. காற்றின் வேகத்தை அளந்து எழுதியாச்சா? எந்தப் பக்கம் வீசுது?
4. காற்று போகும் பக்கம் வீடு, பள்ளிக்கூடம், கிணறு, மல்பெரி, தேன்பெட்டி இருக்கா?
5. வயலிலும் வரப்பிலும் ஆளோ ஆடு மாடோ இருக்கா?
6. மின்கம்பி, மரம், கோபுரம் எங்கே இருக்கு? அந்த இடம் ட்ரோன் பறக்க அனுமதியுள்ள பகுதிதானா?
7. நாசில், பேட்டரி, இறக்கை சரியா இருக்கா? வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தாச்சா?
8. கலக்குகிறவர் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாரா?

ஒரு கேள்விக்கு "இல்லை" என்றோ "தெரியலை" என்றோ பதில் வந்தால், அது சரியாகிற வரை ட்ரோன் தரையிலேயே இருக்கட்டும்.

யார் மேலாவது மருந்து பட்டால் உடனே துணியை மாற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-க்குப் போன் போடுங்கள். மருந்து டப்பாவின் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் அதைப் பார்த்துத்தான் சிகிச்சை சொல்ல முடியும்.

கூட்டத்தில் பேச

1. நம்ம ஊரில் ட்ரோன் பறந்தால் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வீசும்? அந்தப் பக்கம் யார் வீடு, யார் கிணறு? ஒரு படம் போட்டுப் பாருங்கள்.
2. தவணை கட்டும் வாரத்தில் மேற்பார்வையாளர் "வேண்டாம்" என்றால் குழு என்ன செய்யும்? அதற்காகத் தனியாக ஒரு சிறு தொகை ஒதுக்க முடியுமா?
3. நம்ம குழுவில் ட்ரோன் இல்லாவிட்டாலும், வெளியாள் வந்து அடிக்கும்போது மேலே சொன்ன 8 கேள்விகளை யார் போய்க் கேட்பது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்கச் சான்றும் வேண்டாம், பத்தாம் வகுப்பும் வேண்டாம். உங்கள் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

ட்ரோன் திட்டத்தின் இன்றைய நிலவரத்தையும் பயிற்சி விவரத்தையும் உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் நேரில் கேட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.